இங்கே வாழ்க்கை, அங்கே குடியுரிமை

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2025-இல் வெளியிட்ட மனித மேம்பாட்டுப் பட்டியலில் இலங்கைக்கு 89-ஆவது இடம். இந்தியாவுக்கு 130-ஆவது இடம். இலங்கையில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 77 வயதைத் தாண்டுகிறது, இந்தியாவில் 72. பிரசவத்தின்போது தாய்மார் இறப்பதைத் தடுப்பதில் தமிழ்நாடு இந்தியாவின் முன்வரிசை மாநிலம். ஆனால் 2018-20 கணக்குப்படி இங்கே லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இலங்கையில் அது 30-ஐ ஒட்டியே இருந்தது. கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940-களில் கொண்டுவந்த இலவசக் கல்வி அங்கே பல்கலைக்கழகம் வரைக்கும் இன்றும் தொடர்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சேலம், நாமக்கல் சமவெளியைச் சுற்றி வாருங்கள். ஓமலூர் வட்டாரத்துக் குறுக்குப்பட்டி, தாரமங்கலம் பவளத்தானூர், கிழக்கே தம்மம்பட்டி, செந்தாரப்பட்டி, நாகியம்பட்டி, நாமக்கல் மாவட்டத்தில் எம்.மேட்டுப்பட்டி, பரமத்தி என்று இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் பரவிக் கிடக்கின்றன. போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டது. ஆயுள் கூடுதல், வைத்தியம் இலவசம், படிப்பு இலவசம் என்று பட்டியல் சொல்லும் நாடு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இருந்தும் இந்தக் குடும்பங்கள் ஏன் இன்னும் இங்கேயே இருக்கின்றன?

எந்த நாட்டில் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்ற பேச்சு நம் வீடுகளில் அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகளை வைத்தே நடக்கும். சம்பளம், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ரோட்டுச் சுத்தம் என்று பேச்சு நீளும். கையில் பாஸ்போர்ட் இருப்பதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் டிக்கெட் போட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்பது அவ்வளவு இயல்பாக மனதில் இருக்கிறது. இரண்டு நாடுகளையும் உண்மையிலேயே தட்டில் வைத்து எடைபோட வேண்டிய கட்டாயம் இருப்பது இந்த முகாம் குடும்பங்களுக்குத்தான். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, பையன் பிளஸ் டூ முடிக்கும்போது, வீட்டுப் பெரியவர் படுக்கையில் விழும்போது என்று நாற்பது ஆண்டுகளாக இந்த ஒப்பீடு முகாம்களில் ஓய்ந்ததே இல்லை.

முகாம் வாசலுக்கு வெளியே நிற்கும் ஏணி

1983 ஜூலைக் கலவரத்தை ஒட்டி முதல் படகுகள் வரத் தொடங்கின. 1987 முடிவதற்குள் 1,34,000 பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். 1989 முதல் 1991 வரை இன்னொரு 1,22,000 பேர். பிறகு 1996-இலும் 2006-க்குப் பிறகும் என்று அலை அலையாக வந்து, மொத்தக் கணக்கு மூன்று லட்சத்தைத் தாண்டியது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு 1992-க்கும் 1995-க்கும் இடையில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பலர் தாங்களாகவே திரும்பினார்கள், சிலர் மேற்கு நாடுகளுக்குப் போனார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு 34,087 பேரும் வாழ்ந்தார்கள்.

பழைய முகாம் வீடு என்பது பத்துக்குப் பத்து அடி அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரம், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒற்றைச் சுவர். சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே மதியம் யாரும் இருக்க முடியாது. வேப்பமரத்தடியில்தான் பொழுது போகும். பிள்ளைகள் வளர வளர வாசலில் சாக்கும் தார்ப்பாயும் கட்டி இன்னொரு அறை முளைக்கும். சமையல் நடக்கும் மூலையில் இரவில் ஒருவர் படுப்பார். அந்த மூலையில் இன்னமும் புட்டுக் குழல் உண்டு, தேங்காய்ச் சம்பல் அரைபடுகிறது. அதே அறையில் பேரப்பிள்ளை சேலத்துப் பேச்சில் படிப்பைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்.

2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 317 கோடி ரூபாய்த் திட்டம் இந்த நிலையை மாற்றத் தொடங்கியது என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் ஆனது. பழுதடைந்த 7,469 வீடுகளை இடித்து, சமையலறையும் கழிப்பறையும் சேர்ந்த 300 சதுர அடி கான்கிரீட் வீடுகளாகக் கட்டுவது என்று முடிவானது. திண்டுக்கல் தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. மறு ஆண்டு வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் பல மாவட்டங்களுக்கான 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. மாதாந்திரப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று உயர்ந்தது. ரேஷன் அரிசி, அரசுப் பள்ளிக்கூடம், அரசு ஆஸ்பத்திரி எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்குப் போலவே கிடைக்கின்றன. 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவே இல்லை. சட்டத்தில் எழுதாத கடமையைத் தமிழ்நாட்டு மக்கள் நாற்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

வேலையும் கிடைக்கிறது. முகாம் ஆண்களில் பெரும்பாலோர் பெயின்ட்டர்கள். சேலத்தில் எந்தத் தெருவில் புதுவீடு கட்டினாலும் சுண்ணாம்புப் பட்டி பார்க்கிற கைகளில் ஒன்று முகாம்காரர் கையாக இருக்க வாய்ப்பு அதிகம். சென்ட்ரிங், டைல்ஸ், கல்யாண மண்டபச் சமையல், கோழிப்பண்ணை, விசைத்தறி என்று சமவெளி கொடுக்கும் வேலைகள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். வேலை தெரிந்த பெயின்ட்டருக்கு நாள் கூலி 700, 800 ரூபாய்க்குக் குறைவதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் 2024-இல் நீண்ட இழுபறிக்குப் பிறகு அறிவிக்கப்பட்ட நாள் சம்பளம் 1,350 இலங்கை ரூபாய். நம் காசில் 400-க்கும் கீழே. கூலியை மட்டும் பார்த்தால் சேலம்தான் ஜெயிக்கிறது.

ஆனால் இந்தச் சமவெளியில் ஓர் ஏழை மேலேறும் வழி கூலி அல்ல. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் அந்த வழி எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வயதில் லாரியில் கிளீனராக ஏறுவது. சில வருஷத்தில் லைசென்ஸ் எடுத்து டிரைவர். பிறகு தெரிந்தவர் ஜாமீன் நிற்க, ஊர்ப் பக்கம் இருக்கும் காலி நிலப் பத்திரத்தைக் காட்டி ஃபைனான்ஸ் வாங்கி ஒரு பழைய வண்டி. அது ஓடி அடைத்தால் இரண்டாவது வண்டி. ரிக் வண்டி, கோழிப்பண்ணை, லாரி பாடி கட்டும் பட்டறை என்று இந்த மாவட்டத்தின் செல்வம் முழுக்க இப்படி ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்தவர்கள் சேர்த்தது. கூலிக்காரன் முதலாளி ஆன கதை நம் ஊரில் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

இந்த ஏணியில் முகாம் இளைஞனால் முதல் படிக்கு மேல் ஏற முடியாது. நேஷனல் பர்மிட் வண்டியில் ஏறினால் அசாமுக்கும் குஜராத்துக்கும் போய்த் திரும்ப இருபது நாளுக்கு மேல் ஆகும். மாதாமாதம் பணக்கொடை கொடுக்கும் முன் வருவாய்த் துறையினர் ஆள் கணக்கு எடுக்கிற நாளில் அவன் முகாமில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பதிவில் சிக்கல், அப்புறம் கியூ பிராஞ்ச் போலீஸ் விசாரணை. வண்டி வாங்கக் கடன் கேட்டால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். அவன் இந்திய மண்ணில் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாத வெளிநாட்டவன். முப்பது வருஷமாகப் பக்கத்துத் தெருவில் இருப்பவன் என்பதைப் பத்திரமாக எந்த ஃபைனான்ஸ்காரரும் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே கிளீனராக இருந்த உள்ளூர்ப் பையன் ஓனராகிவிடுவான். முகாம் பையன் நாற்பது வயதிலும் நாள் கூலிக்குப் பிரஷ் பிடித்துக்கொண்டிருப்பான்.

படித்தவர்களின் கதையும் இதுதான். எஸ்.சி.சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஓஃபர் என்ற அகதிகள் மறுவாழ்வு அமைப்பும் அரசின் கல்வி உதவித்தொகையும் சேர்ந்து முகாம்களில் ஒரு பட்டதாரித் தலைமுறையையே உருவாக்கியிருக்கின்றன. சேலத்திலும் நாமக்கல்லிலும் கல்லூரிகளுக்குப் பஞ்சமா என்ன? இன்ஜினீயரிங், பி.காம்., நர்சிங் என்று முடித்து வருகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தில் இந்தியக் குடிமகனா என்ற கட்டத்தில் அவர்கள் கை நின்றுவிடுகிறது. கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்தாலும் பாஸ்போர்ட் கிடையாது. டிகிரி வாங்கிய பையன் அப்பாவோடு பெயின்ட் டப்பா தூக்கப் போவதைப் பார்க்கும் தங்கை, நான் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டால் அந்த வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை.

பட்டியலில் தெரியாத மாவட்டங்கள்

அப்படியானால் அங்கே போனால் என்ன? 89-ஆவது இடம் என்பது கொழும்பையும் முல்லைத்தீவையும் சேர்த்துப் போட்ட சராசரி. இலங்கை அரசின் புள்ளிவிவரத் துறை 2019-இல் நடத்திய குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வறுமையில் இருந்தவர்கள் 14.3 சதவீதம். நகரப் பகுதிகளில் 6 சதவீதம்தான். தோட்டப் பகுதிகளில் 33.8. முல்லைத்தீவு மாவட்டத்தில் 44.5 சதவீதம். முகாம்களில் இருப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டால் வருகிற பெயர்கள் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா, திருகோணமலை. நாட்டின் சராசரி ஆயுளும் சராசரிக் கல்வியும் அவர்களுடைய ஊரின் கதையைச் சொல்வதில்லை.

ஊருக்குப் போனால் காணி இருக்குமா என்பது அடுத்த கேள்வி. 1990-இல் விட்டுவந்த இடத்தில் காடு மண்டியிருக்கலாம், வேறொருவர் குடியிருக்கலாம், ராணுவ முகாம் இருக்கலாம். உறுதிப் பத்திரம் படகில் நனைந்து போயிருக்கும். கிணற்றை இறைத்து, வேலி போட்டு, முதல் விளைச்சல் எடுக்கும் வரை எதைச் சாப்பிடுவது? ஐ.நா. அகதிகள் அமைப்பு விமான டிக்கெட்டும் ஒரு சிறு தொகையும் கொடுத்து விரும்பியவர்களை அனுப்பிவந்தது. போரின் முடிவுக்குப் பிறகு சில ஆயிரம் பேர் அப்படிப் போனார்கள். போனவர்கள் போனில் சொன்ன செய்திகளைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் முடிவெடுத்தார்கள்.

2022-இல் அந்தப் போன்கள் சொன்னது வேறு. டாலர் கையிருப்பு தீர்ந்து, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள் கணக்கில் வரிசை நின்று, செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தை எட்டிய வருஷம் அது. மார்ச் 22-ஆம் தேதி முதல் மறுபடியும் படகுகள் ராமேசுவரம் பக்கம் வரத் தொடங்கின. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மணல் திட்டில் இறங்கியவர்கள் போருக்குப் பயந்து வரவில்லை; பால்மாவு வாங்க முடியாமல் வந்தார்கள். மே 18-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியும் 200 டன் பால்மாவும் மருந்துகளும் முதல் தவணையாகக் கப்பலேறின. மனித மேம்பாட்டில் நமக்குப் பல படிகள் மேலே இருந்த நாட்டுக்கு நாம் அரிசி அனுப்பினோம். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நன்றாக இருந்தும் அடுத்த மாதச் சாப்பாட்டுக்கு உறுதியில்லாமல் போக முடியும் என்பதை அந்த ஒரு வருஷம் காட்டியது.

பணத்தைத் தாண்டி ஒரு பயமும் இருக்கிறது. 2025 மே மாதம் தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஐ.நா. ஏற்பாட்டில் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன் உரிய வழியில் நாட்டை விட்டு வெளியேறவில்லை என்பது குற்றச்சாட்டு. உயிர் தப்பப் படகேறியவரிடம் குடியேற்றச் சட்டப் பிரிவைக் காட்டினார்கள். இலங்கைத் தமிழ்த் தலைவர்கள் குரல் கொடுத்தார்கள், அரசும் இந்த நடைமுறையை மாற்றுவதாகச் சொன்னது. ஆனால் திரும்பிப் போகலாமா என்று பத்து வருஷமாக யோசித்துக்கொண்டிருந்த வீடுகளில் அந்த ஒரு செய்தி போதுமானதாக இருந்தது.

பெரியவர்களுக்கு ஊர் ஞாபகம் இருக்கிறது. செத்தால் அந்த மண்ணில் சாக வேண்டும் என்று சொல்லும் பாட்டிகள் எல்லா முகாம்களிலும் உண்டு. "அம்மம்மா, அங்க யாரைத் தெரியும் எனக்கு?" என்பதுதான் பேத்திகளின் பதில். பேத்தி பிறந்தது சேலம் அரசு ஆஸ்பத்திரியில். அவளுக்குச் சிங்களம் ஓர் எழுத்து தெரியாது. அங்கே ஓ.எல்., ஏ.எல். பரீட்சை, இவள் படித்தது நம் சமச்சீர்ப் பாடம். சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து இலங்கைக் குடியுரிமை வாங்கிவிட முடியும். காகிதத்தில் அவளுக்கு ஒரு நாடு கிடைத்துவிடும். அந்த நாட்டை அவள் பார்த்ததே இல்லை. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அப்படித்தான் ஒரு தலைமுறையே நின்றுகொண்டிருக்கிறது.

சேலத்திலிருந்து போனவர்கள்

இந்த இடத்தில் சேலம், நாமக்கல் மக்கள் தங்கள் சொந்தக் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் காப்பித் தோட்டங்களும் பிறகு தேயிலைத் தோட்டங்களும் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களை வைத்தே உருவாயின. நாமக்கல் தாலுகா 1910 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது, பிறகு சேலத்துக்கு வந்தது. எப்படிப் பார்த்தாலும் ஆள் கட்டிப் போன மாவட்டம்தான். 1876-78 தாதுவருஷப் பஞ்சம் சேலத்தைப் பிடித்த பிடி பயங்கரமானது. 1871-க்கும் 1881-க்கும் இடையே மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. செத்தவர்கள் போக மிஞ்சியவர்களில் ஒரு பகுதி கங்காணி பின்னால் நடந்தது. மண்டபம், மன்னார், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை. அன்றைக்கு அந்த மக்கள் செய்ததும் இரண்டு நாட்டு வாழ்க்கைத் தர ஒப்பீடுதான்: இங்கே பட்டினி, அங்கே கூலி.

நான்கு தலைமுறை உழைத்து அந்தத் தீவின் மலைகளைப் பச்சையாக்கிய பிறகு, 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மனிதர்களில் ஒருவரிடமும் உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டுவிட்டு இந்தப் பேச்சுவார்த்தை நடக்கவில்லை. நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்து இறங்கினார்கள். நீலகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே வந்தன. 1984-இல் போர் சூடேறியதும் அந்தக் கப்பல் நின்றது.

கப்பல் நிற்கும் முன் வராதவர்கள் என்ன ஆனார்கள்? தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் 1977-இலும் 1983-இலும் நடந்த கலவரங்களில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிக் காடுகளில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வன்னியில் போர் வந்ததும் அவர்கள் மீன்பிடிப் படகில் ராமேசுவரம் வந்தார்கள். முகாம்களில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், அதிலும் கூடுதலாகவே இருக்கலாம், இப்படி வந்த மலையகத் தமிழர்கள். கொள்ளுத்தாத்தா ராசிபுரம் பக்கமிருந்தோ முசிறி பக்கமிருந்தோ போனவராக இருப்பார்; கொள்ளுப்பேரன் தாரமங்கலம் பக்கத்து முகாமில் வெளிநாட்டவன் என்று கைரேகை வைக்கிறான். 1980-இல் கப்பலில் வந்த அண்ணன் குடும்பம் ஓட்டுப் போடுகிறது. 1990-இல் படகில் வந்த தம்பி குடும்பம் முகாமில் இருக்கிறது. இருவரும் ஒரே தோட்ட லயத்தில் பிறந்தவர்கள்.

இலங்கை 2003-இல் ஒரு நல்ல காரியம் செய்தது. தன் மண்ணில் மிஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழர் எல்லோரையும் ஒரே சட்டத்தில் குடிமக்கள் ஆக்கியது. 2009-இல் அதைத் திருத்தி, இந்திய முகாம்களுக்குத் தப்பி வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. எத்தனையோ குறை சொல்லத்தக்க நாடு, இந்த ஒரு விஷயத்தில் நம்மை முந்திவிட்டது. அதே 2003-இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தம், முறையான ஆவணம் இல்லாமல் வந்தவர்களுக்கு விண்ணப்பிக்கும் வாசலையே அடைத்தது.

சட்டம் எங்கே நிற்கிறது

1987 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன். இது சட்டம். இருந்தும் மண்டபத்தில் 1986-இல் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வளர்ந்த ஒரு பெண், பாஸ்போர்ட் கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது. 2022-இல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு வயது 38. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைக்கோ, தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால் குடியுரிமை இல்லை. முகாம் பையன் உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டால் அவர்கள் குழந்தையின் நிலைமை இதுதான்.

2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வாசலைத் திறந்தது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஆணை, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா தொடர்பான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. நாற்பது வருஷமாக எந்த நேரமும் தலைக்கு மேல் தொங்கிய ஒரு பயம் இதனால் விலகியது. அந்த அளவில் இது பெரிய நிம்மதி. ஆனால் அந்த ஆணையால் நிலம் வாங்க முடியாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, ஓட்டுப் போட முடியாது.

இதே 1983 ஜூலைக்குப் பிறகு கனடாவுக்குப் போனவர்களைப் பாருங்கள். சில ஆண்டுகளில் குடியுரிமை வாங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1983-இல் சிறுவனாகக் கனடாவுக்குப் போன கரி ஆனந்தசங்கரி 2025 முதல் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர். எல்லையையும் போலீஸையும் பார்த்துக்கொள்ளும் இலாகா அது. அவர் வயதில் மண்டபத்தில் இறங்கிய ஒரு சிறுவன் இன்று ஐம்பதைத் தாண்டி, ஓமலூர் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பான். இரண்டு பேரின் திறமையிலோ உழைப்பிலோ வித்தியாசம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாடு காகிதம் கொடுத்தது. இன்னொரு நாடு அரிசி கொடுத்தது, பள்ளிக்கூடம் கொடுத்தது, வீடு கட்டிக் கொடுத்தது, காகிதம் மட்டும் கொடுக்கவில்லை.

ஐ.நா. பட்டியலில் ஆயுள் உண்டு, படிப்பு உண்டு, வருமானம் உண்டு. சொந்தப் பெயரில் ஒரு பத்திரம் பதிய முடியுமா, வெளியூருக்கு வேலைக்குப் போனால் பதிவில் பேர் இருக்குமா, பிள்ளைக்கு எந்த நாடு என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர்களிடம்தான் அந்தப் பட்டியல் பேசுகிறது. முகாம் குடும்பங்களிடம் கேட்டால் இலங்கையும் அவர்களுக்குப் பாதி நாடு, இந்தியாவும் பாதி நாடு. இரண்டு பாதியைச் சேர்த்தாலும் முழு வாழ்க்கை வருவதில்லை.

செய்யவேண்டியது சிக்கலானதல்ல. 1987-க்கு முன் இங்கே பிறந்தவர்களை நீதிமன்றப் படி ஏறவைக்காமல், முகாம் முகாமாகக் கணக்கெடுத்து, குடிமக்கள் என்று அரசே அறிவிக்கலாம். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்ள ஒத்துக்கொண்ட மலையகக் குடும்பங்களின் வாரிசுகளுக்கு அந்த வாக்கை இப்போதாவது நிறைவேற்றலாம். மற்றவர்களில் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, இலங்கை 2003-இல் செய்ததுபோல ஒரு சிறப்புச் சட்டம் போதும். திரும்பிப் போகவேண்டும் என்று விரும்பும் பெரியவர்களுக்கு, கைது பயமில்லாமல், காணி உறுதியோடு போகும் வழியை இரு அரசுகளும் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிவிட்டது. சுற்றுலாப் பயணி போகிற அந்தக் கப்பலில் ஒரு பாட்டி தன் ஊரைப் போய்ப் பார்த்துவிட்டுத் தடையில்லாமல் பேத்தியிடம் திரும்பி வர முடிய வேண்டும்.

நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டுக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவான இந்த மனிதர்கள் பாரமல்ல. அவர்களிடம் ஓட்டுக் கேட்டு யாரும் முகாமுக்குள் வருவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு ஓட்டில்லை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டுப் போட்ட நாம் இருக்கிறோம். அடுத்தமுறை அவர்கள் நம் தெருவுக்கு வரும்போது, பக்கத்து முகாமில் இருக்கும் நம் ஆட்களுக்கு எப்போது குடியுரிமை என்று முகாம் மக்கள் சார்பில் நாம் கேட்க வேண்டும்.